கிரைப் வாட்டர் புட்டியில் போட்ட கோடு

மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊரான கோபியிலிருந்து நான் மலையேறியபோது அவளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம், ஜூன் மாதம். மஞ்சூரைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரி ஆபீசில் என் கணவர் கிளார்க்காக இருந்தார். ஃபேக்டரிக்கு மேலே, சாலையை ஒட்டி, எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள குவார்ட்டர்ஸ். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கோபியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார் பக்கத்து நோட்டைப் பார்த்துப் போட்டது, யார் தானே போட்டது என்று விடைத்தாளை எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவேன். என்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

துணைக்கு வந்த அம்மா பத்து நாளில் ஊர் திரும்பிவிட்டார். அவர் போன அன்று பிடித்த மழை ஒரு மாதத்துக்கு மேல் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் அப்படியே வீட்டுக்குள் வந்து நிற்கும். குழந்தையின் துணிகள் காயவே காயாது. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுக் காயவைப்பேன். கடைசித் துணி காய்வதற்குள் முதலில் காய்ந்த துணி நனைந்துவிட்டிருக்கும்.

மகள் ஒரேயடியாக நாற்பது நிமிடத்துக்கு மேல் தூங்கமாட்டாள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்திலும் எனக்குத் தூக்கம் வராது. எப்போது அழுவாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அவள் தூங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அசையாமல் கிடப்பாள். ஒருநாள் டிகாஷனை உப்பு ஜாடியில் ஊற்றினேன். இன்னொரு நாள் தலைவாரும்போது பாதியில் சீப்பை விட்டவள் மறுநாள்தான் அதைத் தலையிலிருந்து எடுத்தேன். அழுகையாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. குழந்தையைப் பார்த்தால், யாரோ ஊருக்குப் போகும்போது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப்போன பிள்ளை மாதிரி இருந்தது. அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைக்குத் தடுப்பூசி போட மஞ்சூருக்குக் கிளம்பினேன். பஸ் வரவில்லை என்று நினைவு. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் கால்கள் வெந்நீர் வாளிக்குள் இருக்கின்றன. காலை பதினோரு மணிக்கு ஆபீசில் இருக்கவேண்டிய என் கணவர் எதிரே நின்று டீ ஆற்றுகிறார். குழந்தை கட்டிலில் தூங்குகிறது.

"பஸ்ஸு வரலையாட்ட இருக்குது. நல்லா நனஞ்சு போயிட்ட அம்மிணி," என்றார்.

மறுநாளே ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர். சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்து, இங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்தார். தினமும் காலை பத்திலிருந்து மூன்று வரை நம் வீட்டில் இருப்பார் என்றார் என் கணவர்.

"சிலோன்ல நான் புள்ளைக்காம்பராவுல பன்னெண்டு வருசம் இருந்தவ கிளாக்கரம்மா. கொழுந்துக்குப் போற பொம்பளைங்க புள்ளைங்கள என்கிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. நீங்க போயி படுங்க, நான் பாத்துக்கிறேன்," என்றார் அவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

முதல் நாளே என் மகள் அக்காவின் கையில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். பக்கத்து அறையில் படுத்தபடி நான் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது வேறு. என்னிடம் நாற்பது நிமிடம் தூங்காத பிள்ளை இவரிடம் மட்டும் எப்படி இரண்டு மணி நேரம் தூங்குகிறது? என்னவோ கொடுக்கிறார்.

பிள்ளை தூங்குவதற்கு பிராந்தியில் விரலைத் தோய்த்து நாக்கில் தடவுகிற ஆட்களைப் பற்றிக் கோபியில் கேள்விப்பட்டிருக்கிறேன். அபின் வைப்பார்கள் என்றும் சொல்வார்கள். அக்கா போனதும் மகளின் வாயை மோந்து பார்த்தேன். பால் வாடைதான் அடித்தது. வாடையில்லாத ஏதோ ஒன்றாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அலமாரியில் இருந்த கிரைப் வாட்டர் புட்டியை எடுத்து, மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே லேபிளில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, அக்கா வந்த நேரம், போன நேரம், குழந்தை தூங்கிய நேரம், நான் பால் கொடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். இரவும் பகலும் எழுதினேன். நோட்டு தலையணைக்கு அடியில் இருக்கும்.

நான்காம் நாள் பார்த்தால் மருந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதில் ஏதோ ஒளிந்திருப்பதாகவே பட்டது. மதியம் ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டுவிடுகிற என் கணவர் தினமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்ததும் சமையலறையில் அக்காவோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவார். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அரிவாள்மணை வழக்கமான மூலையில் இல்லை. காய் அரிந்ததும் அக்கா அதை எங்கோ கொண்டுபோய் வைக்கிறார். மண்ணெண்ணெய் டின் சமையலறையிலிருந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போயிருந்தது. கேட்டால், "அந்த வாடை புள்ளைக்கு ஆகாதும்மா," என்றார். படுக்கை அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் காணவில்லை. திருகாணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"ஏனுங்க, தாப்பாள் என்னாச்சு?"

"துருப்பிடிச்சுப் போச்சு அம்மிணி. வேற வாங்கிப் போடோணும்."

ஒரு வாரமாகியும் வாங்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரே விடைதான் வந்தது. எனக்குப் புத்தி சரியில்லை என்று காட்டி என்னைக் கோபிக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அதற்குத்தான் பிள்ளையை அக்காவின் கைக்குப் பழக்குகிறார்கள். இப்போது எழுதும்போது இது எத்தனை பொருத்தமில்லாத கணக்கு என்று தெரிகிறது. அப்போது ஒவ்வொரு வரியும் கச்சிதமாக நின்றது.

மூன்றாவது வாரம், அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். மதியம் என் கணவர் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பியதும், மஞ்சூர் போய் நூலும் ஃப்ளானல் துணியும் வாங்கி வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மழை விடட்டுமே. சாயங்காலம் ஐயா வந்த பொறகு போங்களேன்."

"இல்லீங்கக்கா, இப்பவே போயிட்டு வந்தர்றேன்."

பஸ் ஏறி, அடுத்த வளைவிலேயே இறங்கிக்கொண்டேன். தேயிலைக்கு நடுவே கொழுந்து எடுப்பவர்கள் போகிற ஒற்றையடிப் பாதை எங்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு வந்து சேரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஏறினேன். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வந்தது கூடத் தெரியவில்லை. பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அக்கா கரியடுப்பு ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்களின் மேல் மகள் மல்லாந்து படுத்திருந்தாள், கண்கள் பாதி மூடியிருந்தன. அக்கா கால்களை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். இடையே வாசல் பக்கம் தலையைத் திருப்பி, யாரையோ எதிர்பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. புட்டியைப் பிடுங்கினேன். "என்ன குடுக்கறீங்க? எம்பிள்ளைக்கு என்ன குடுக்கறீங்க?" என்று கத்தினேன். மகள் விழித்துக்கொண்டு வீரிட்டாள். புட்டியைத் திறந்து மோந்தேன். யூகலிப்டஸ் தைலம்.

"என் மொழங்காலுக்கும்மா," என்றார் அக்கா. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார். என்னிடம் தரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"எம்பிள்ளைய எங்கிட்டக் குடுங்க. நீங்களும் அவரும் சேர்ந்து என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? கிரைப் வாட்டர் எப்படிக் கொறஞ்சுது? அரிவாமணை எங்க? தாப்பாள் எங்க?"

அவர் எழுந்து ஒரு அடி பின்னால் போய் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"சொல்லக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு. ஆனா நீங்க இப்பிடிக் கேட்டா நான் என்னன்னு சொல்றது? அன்னிக்கி நீங்க புள்ளைய பஸ் ஸ்டாப்புல விட்டுட்டுப் போயிட்டீங்கம்மா."

"நானா?"

"நான் வெறகு எடுத்துக்கிட்டு வாறேன். சிமெண்டு பெஞ்சுல நீலக் கம்பளியில சுத்தின புள்ள தனியா கெடந்து அழுவுது. நீங்க கீழ வளைவுல நிக்கிறீங்க. கொட கையில இருக்கு, விரிக்கல. பள்ளத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அம்மா அம்மான்னு கூப்புடுறேன், திரும்பல. வெறகப் போட்டுட்டு புள்ளையத் தூக்கிக்கிட்டு ஃபேக்டரிக்கு ஓடினேன். ஐயாதான் ஓடிவந்து உங்களக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு."

நான் நம்பவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? கெட்டிக்காரத்தனமாக ஒரு கதை கட்டுகிறார் என்றே நினைத்தேன். சுவரோரமாக உட்கார்ந்து, அவர் கையிலிருக்கும் குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. மூன்று மணி ஆகியும் போகவில்லை. ஐந்தரைக்கு என் கணவர் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அவர் உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நெசமா?"

 "நெசந்தான் அம்மிணி," என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தாங்கமாட்டீன்னு நெனச்சேன். உங்க அம்மாகிட்டச் சொன்னா ஊரே தெரிஞ்சு போகும். எங்க அம்மாகிட்டச் சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஒருத்தருகிட்டயும் சொல்லல. மூணு வாரமா எனக்கும் தூக்கமில்ல. ஆபீசுல உக்காந்திருந்தா காது இந்த ஊட்டுப் பக்கமே இருக்குது. போன் அடிச்சாப் பகீர்னு இருக்குது."

"தாப்பாள்?"

"நான்தான் கழட்டினேன்."

"அரிவாமணை?"

"நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்."

"கிரைப் வாட்டர்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். இரண்டு பேருமே தொடவில்லையாம். இதில் பொய் சொல்கிறார்கள், இங்கே பிடித்துவிடலாம் என்று எழுந்துபோய்த் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து வந்தேன். கோடு போட்ட நாளிலிருந்து படித்துக் காட்டத் தொடங்கினேன். இரண்டாம் நாள் பக்கத்தில் விடியற்காலை இரண்டு பத்துக்கு 'கி.வா. அரை ஸ்பூன்' என்று இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு மறுபடியும் 'கி.வா. அரை ஸ்பூன்'. மூன்றரைக்கு இன்னொன்று. என் கையெழுத்து. வரியிலிருந்து நழுவிக் கோணலாக, ஆனால் என் கையெழுத்தேதான். விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதில் சந்தேகம் வர வழியில்லை.

நோட்டை மூடினேன். அப்போதுதான், மாதக்கணக்கில் வராத அழுகை வந்தது. அக்கா குழந்தையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனோம், அக்காவும் கூட வந்தார். ஒரு பெண் டாக்டர். வயதானவர், சலிப்பில்லாத முகம். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். என் கணவரை வெளியே இருக்கச் சொன்னால் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும், யாரோ விட்டுப்போன பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். டாக்டர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டே தலையசைத்தார்.

"இது பேய் பிசாசும் இல்ல, நீங்க கெட்ட அம்மாவும் இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு வர்ற வியாதி. தூக்கம் கெட்டா இன்னும் முத்தும். சொன்னா வெக்கம்னு முக்கால்வாசிப் பேரு என்கிட்ட வர்றதே இல்ல," என்றார். ராத்திரிக்கு மாத்திரை எழுதினார். தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார். கணவரைக் கூப்பிட்டு, "ராத்திரிப் பால் உங்க வேலை. இவங்க ஆறு மணி நேரம் ஒரேயடியாத் தூங்கணும்," என்று கண்டிப்பாகச் சொன்னார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் சந்தேகம் அப்படி ஒரே நாளில் இறங்குகிற காய்ச்சல் இல்லை. அந்த மாத்திரையையே நான் சந்தேகப்பட்டேன். என்னைத் தூங்க வைத்துவிட்டு என்ன செய்யப் போகிறார்கள்? முதல் இரண்டு நாள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவர் திரும்பியதும் கரியடுப்புச் சாம்பலில் துப்பிப் புதைத்தேன். மூன்றாம் நாள் காலை அடுப்பைச் சுத்தம் செய்த அக்கா, பாதி கரைந்த இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்.

"ஐயாகிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. நாங்க சிலோன்லருந்து வந்து மண்டபம் கேம்ப்புல கெடந்தப்ப, என் தங்கச்சி கைப்புள்ளக்காரி. அவளும் இப்பிடித்தான். புள்ளைய மாத்திட்டாங்க, சோத்துல என்னமோ கலக்குறாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சுகமில்லாதவன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க திட்டினோம். நானும் திட்டினேன். அவளத் தூங்க வைக்க ஒரு ஆளு இல்ல."

"அப்புறம்?"

"அவ இப்ப இல்லம்மா."

 அன்று இரவு மாத்திரையை விழுங்கினேன். அக்கா மூன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். மணி ஒன்பது. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கொண்டு போய்விட்டார்கள் என்று எழுந்து ஓடினேன். கொல்லையில் என் கணவர், காதை மறைத்து மஃப்ளர் கட்டிக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்தபடி முட்டைக்கோஸ் பாத்தியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க விழித்த கண்கள். "நீ போயி இன்னுஞ் சித்த நேரம் படு அம்மிணி," என்றார். பாலை நிறுத்த வேண்டியிருந்ததில் எனக்கு மிகுந்த வருத்தம் இருந்தது. வருத்தப்படக்கூட முடிகிறதே என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

மழை ஓய்ந்த பிறகு கேத்தியிலிருந்து காரட் கொண்டுவரும் வியாபாரியிடம் ஒருநாள் வாசலில் நின்று சண்டை போட்டேன். மேலே நல்லதை அடுக்கி, அடியில் வெடித்த காரட்டாகப் போட்டிருந்தார். நியாயமான சந்தேகம், நியாயமான கோபம். உள்ளே குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த என் கணவர் சத்தமாகச் சிரித்தது கேட்டது. என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. ரொம்ப நாளைக்கப்பறம் உன்ர கொரல் கேட்டுச்சு," என்றார்.

அக்காவோடு எனக்கிருந்த உறவு விசித்திரமானது. என்னை அந்த நிலையில் பார்த்தவர் என்பதால் அவர் முகத்தை நேராகப் பார்க்க வெகுநாள் கூச்சப்பட்டேன். சில நாள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மகள் பள்ளிக்கூடம் போகும்வரை எங்கள் வீட்டில் இருந்தார். பிறகு கூடலூர் பக்கம் மகனோடு போய்விட்டார். கிளம்பும்போது நன்றி சொல்லவேண்டும் என்று நான்கு நாளாக மனதில் வாக்கியம் தயார் செய்திருந்தேன். அவர் பஸ் ஏறும்போது, "முழங்காலுக்குத் தைலம் போடுங்கக்கா," என்று மட்டும்தான் வாயில் வந்தது.

மகளுக்கு ஏழு வயதானபோது மஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து, எமரால்டு என்ற ஊர்ப் பக்கமிருந்து வருகிற ஓர் இளம் டீச்சர் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். ரவிக்கை ஊக்கு மாறியிருக்கும். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே சாக்பீஸைத் தேடுவார். ஹெட்மிஸ்ட்ரஸ் தன்னை மாற்றல் செய்யத் திட்டம் போடுகிறார், மற்ற டீச்சர்கள் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைக் கண்டால் விலக ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மதியம் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். என் டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "நைட்டு எத்தனை மணி நேரம் தூங்கறீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க? எங்க ஊட்டுக்காரர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒருத்தரும் சொல்லலீங்க," என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் என் மகளை நான் விட்டுப்போன கதையை, என் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வெளி ஆளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.